தோள்பட்டை எலும்பு நிலைகொள்ளாதபோது: எந்தப் பயிற்சி, எங்கே, யார் பார்வையில்?

தோள்பட்டை எலும்பை மார்புக்கூட்டோடு பிணைக்கும் எலும்பு மூட்டு எதுவும் கிடையாது. முதுகின் மேற்புறத்தில், இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலாவரை, ஒரு முக்கோணத் தட்டாக அது படிந்திருக்கிறது. எலும்புவழித் தொடர்பு என்று பார்த்தால் காறை எலும்பின் வெளிமுனையில் இருக்கும் ஒரு சிறு மூட்டு மட்டும்தான். மற்றபடி அதை இழுத்துப் பிடிப்பதும், சுழற்றுவதும், விலாவோடு ஒட்ட வைத்திருப்பதும் 17 தசைகளின் வேலை. அந்தத் தசைகளில் முக்கியமான ஒன்று தளர்ந்தாலோ, அதற்குப் போகும் நரம்பு அடிபட்டாலோ, எலும்பின் உள்விளிம்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். கையை மேலே தூக்கும்போது பாதி உயரத்தில் வலிக்கும், சொடுக்கும், சீக்கிரம் அலுத்துப்போகும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இந்தத் தொல்லையோடு வருகிறவர்களின் தொழிலைக் கேட்டால் காரணம் பாதி விளங்கிவிடும். தொரட்டியைத் தலைக்கு மேல் நீட்டி மாங்காய் பறிப்பவர்கள். பதினாறு லிட்டர் மருந்து தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ரோஜாத் தோட்டத்திலும் தக்காளிக் காட்டிலும் நடப்பவர்கள். புளி மூட்டையும் மாங்காய்க் கூடையும் லாரியில் ஏற்றுபவர்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் கையை உயர்த்தியபடியே ஷிப்ட் முழுக்க வேலை பார்ப்பவர்கள். ஒகேனக்கல்லில் துடுப்புப் போடுபவர்கள். வாலிபால் ஆடும் கல்லூரிப் பிள்ளைகள்.

இவர்கள் எல்லோருக்கும் மருத்துவர் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: பயிற்சி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. எந்தப் பயிற்சி? கைப்பேசியில் பார்த்து வீட்டில் செய்தால் போதுமா, தினமும் இயன்முறை சிகிச்சைக்கு வர வேண்டுமா, ஜிம்மில் சேரலாமா, பெல்ட் மாட்டிக்கொண்டால் தீருமா? தோள் வலியோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து இந்த வழிகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இது வலுக் குறைவைவிடக் கட்டுப்பாட்டுக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தவறுகிற இடமோ நம் கண்ணுக்கு எட்டாத முதுகில் இருக்கிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், பயிற்சியின்போது பின்னாலிருந்து ஒருவர் பார்க்கிறாரா என்பதை வைத்தே அந்த வழியை எடைபோட வேண்டும்.

தேர்வுக்கு முன்னால்: நரம்பா, தசையா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பயிற்சிகளை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. நரம்பு செயலிழந்த தசையைப் பயிற்சியால் மட்டும் எழுப்ப முடியாது. நரம்பு நன்றாக இருந்து தசை மட்டும் சோம்பிக் கிடந்தால் பயிற்சியே முழு மருந்து.

வீட்டிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரை இரு கைகளாலும் தள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கத்து எலும்பின் உள்விளிம்பு இறக்கை விரிந்ததைப் போல வெளியே எழுந்து நின்றால், விலாக்களின் பக்கவாட்டிலிருந்து வந்து அந்த விளிம்பைப் பிடித்திருக்கும் செரட்டஸ் தசை வேலை செய்யவில்லை என்று பொருள். கழுத்தின் ஐந்தாவது முதல் ஏழாவது நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி மார்பின் பக்கவாட்டில் நீளமாக இறங்கும் ஒரு நரம்புதான் அந்தத் தசைக்கு உயிர் கொடுக்கிறது. அதன் பாதை நீளமானது. நல்ல பாதுகாப்பும் கிடையாது. தோளில் வாரை அழுத்தும் கனத்த சுமையைப் பல மணி நேரம் சுமந்து நடப்பவர்களுக்கு இந்த நரம்பு நைந்துபோகலாம். ராணுவத்தில் முதுகுப்பை சுமக்கும் வீரர்களிடம் இதை நெடுங்காலமாகவே பார்த்திருக்கிறார்கள். மருந்து தெளிப்பானை ஒற்றை வாரில் தொங்கவிட்டுச் சுமக்கிறவர் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு வகையில் தோளே கீழே தொங்கிப்போயிருக்கும். தோளைக் காதை நோக்கி உயர்த்துவது கடினமாக இருக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது எலும்பு வெளிப்புறமாக விலகும். இது கழுத்திலிருந்து முதுகின் நடுப்பகுதிவரை விரிந்திருக்கும் ட்ரபீசியஸ் தசையின் பிரச்சினை. அந்தத் தசைக்குப் போகும் நரம்பு கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கழுத்தில் நெறிகட்டியைப் பரிசோதனைக்காக அறுத்து எடுத்த பிறகு தோள் தொங்குகிறது என்று யாராவது சொன்னால், அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெறிகட்டிக் காசநோய் நம் ஊர்களில் அரிதானதல்ல; அந்தச் சோதனையும் அரிதானதல்ல. அறுவைக்குப் பிறகு வரும் இப்படிப்பட்ட பலவீனத்தில் சீக்கிரம் போய்க் காட்டினால்தான் நரம்பைச் சரிசெய்யும் வாய்ப்பு கையில் இருக்கும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. தோளில் திடீரென்று தாங்கமுடியாத வலி வந்து, சில நாளோ சில வாரமோ கழித்து வலி அடங்கும்போது கை பலவீனமாகி எலும்பு துருத்தினால், அது நரம்புக் கொத்தின் அழற்சியாக இருக்கலாம். வளரிளம் பருவத்தில் இரண்டு பக்கமும் துருத்தி, கண்ணை இறுக மூட முடியாமல், விசிலடிக்க முடியாமல் இருந்தால், அது பரம்பரையாக வரும் தசைநலிவு நோயாக இருக்கலாம். இவை எல்லாவற்றிலும் முதல் படி மருத்துவர்தான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எலும்பு மருத்துவரைப் பார்ப்பதற்காக பெங்களூருவுக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியதில்லை. நரம்பையும் தசையையும் மின்முறையில் சோதிக்கும் பரிசோதனையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அடிபட்டு மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்தால்தான் தசையின் மாற்றங்கள் தெளிவாகத் தெரியும்.

செரட்டஸ் நரம்பு நைந்து மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் தானாகவே மீளும். ஆனால் அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். அந்தக் காலத்தில் பயிற்சியின் நோக்கம் வேறு: மூட்டு இறுகிவிடாமல் காப்பது, தூங்கும் தசை நீட்டப்பட்டுத் தளர்ந்துபோகாமல் பார்ப்பது. மல்லாந்து படுத்துக் கையை உயர்த்தினால் உடலின் எடையே எலும்பைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நரம்பு மீளாத நிலையில் எல்லாப் பயிற்சியையும் அப்படிப் படுத்தே செய்யச் சொல்வது அதனால்தான். கனமான எடையைத் தூக்கி நரம்பை எழுப்பப் பார்ப்பது வீண் முயற்சி, கெடுதலும்கூட.

இனி எழுதுவது நரம்பு சரியாக இருந்து, எலும்பின் ஓட்டம் மட்டும் குலைந்திருப்பவர்களுக்கு. வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

எந்தப் பயிற்சி: சுவரா, ரப்பர் பட்டையா, கட்டிலா?

கை முழுவதுமாக மேலே போகும்போது ஏறத்தாழ 180 பாகை நகர்கிறது. அதில் சுமார் 120 பாகை தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சுழல்வதால் கிடைக்கிறது. 1944இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை நிறுவியது. ஆளுக்கு ஆள், உயரத்துக்கு உயரம் அந்த விகிதம் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினாலும், அடிப்படை மாறவில்லை. அந்த 60 பாகையை மூன்று தசைப் பகுதிகள் சேர்ந்து உண்டாக்குகின்றன: ட்ரபீசியஸின் மேல்பகுதி, அதன் கீழ்ப்பகுதி, செரட்டஸ். மேல்பகுதி எப்போதும் முந்திக்கொள்ளும். கீழ்ப்பகுதியும் செரட்டஸும் பின்தங்கும். தோள் காதுப்பக்கம் ஏறிக்கொண்டு, எலும்பின் கீழ்முனை பின்பக்கம் துருத்துவது இதனால்தான். பரிசலில் நின்றுகொண்டு பாறாங்கல்லைத் தூக்குவதைப் போன்ற நிலைமை: கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் காலடி ஆடுகிறது.

ஆகவே நல்ல பயிற்சி என்பது பின்தங்கிய இரண்டையும் எழுப்ப வேண்டும், முந்திக்கொள்ளும் மேல்பகுதியை அடக்கி வைக்க வேண்டும். இந்த அளவுகோலில் மூன்று வகைகளையும் பார்ப்போம்.

சுவர்ப் பயிற்சியை நான் முதலிடத்தில் வைக்கிறேன். சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கி, திரும்பத் தள்ளி நேராக வர வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பயன் இதற்கு அடுத்த அங்குலத்தில் இருக்கிறது. முழங்கை நேரான பிறகும் மடக்காமல் சுவரை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். முதுகு சுவரிலிருந்து விலகி, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் நிரம்ப வேண்டும். செரட்டஸ் தசை மிகுதியாக வேலை செய்வது அந்தக் கடைசித் தள்ளலில்தான். சுவரில் எளிதாகிவிட்டால் மேசை விளிம்பு, பிறகு முழங்கால் ஊன்றித் தரை, பிறகு முழுத் தண்டால் என்று படிப்படியாக இறங்கலாம். செலவு எதுவும் இல்லை. கை ஓரிடத்தில் ஊன்றியிருப்பதால் மூட்டும் கட்டுக்குள் இருக்கும், வலி குறைவாக இருக்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் முன்கையை ஊன்றிச் செய்யலாம். தோள் மூட்டு பின்பக்கமாக நழுவும் வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இதை நான் தொடக்கத்தில் கொடுப்பதில்லை.

சுவரிலேயே இன்னொன்று: இரண்டு முன்கைகளையும் சுவரில் வைத்து இலேசாக அழுத்தியபடி மேலே வழுக்கிக்கொண்டு போவது. தொரட்டி பிடிப்பவர்களுக்கு இது அவர்களுடைய வேலையின் ஒத்திகை. எந்த உயரத்தில் தோள் காதை நோக்கித் துள்ளுகிறதோ அந்த உயரத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி, அங்கேயே பழக வேண்டும்.

கையை உயர்த்தினாலே வலிக்கிறது என்பவர்களுக்கு மேசை விளிம்பு போதும். மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, பக்கத்தில் தொங்கும் கையின் உள்ளங்கையை விளிம்பில் வைத்து, தோள்பட்டை எலும்பைப் பின்னாலும் கீழாகவும் இழுத்தபடி மேசையை ஐந்து வினாடி பின்னோக்கி அழுத்த வேண்டும். கை நகர்வதில்லை, வலி எழுவதில்லை, ஆனால் கீழ்ப்பகுதி விழித்துக்கொள்கிறது. எளிமையாக இருக்கிறதே என்று இதை அலட்சியம் செய்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் பத்து நாளில் இதைவிடப் பயன் தரும் பயிற்சிகள் குறைவு.

கட்டில் பயிற்சிகள் ட்ரபீசியஸின் நடுப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் உரியவை. கட்டில் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு, கட்டை விரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது ஒன்று. அதே கையைத் தலைப்பக்கமாகச் சாய்த்து, இரண்டு கைகளும் உடலும் சேர்ந்து ஆங்கில ஒய் எழுத்தாகத் தெரியும்படி தூக்குவது அடுத்தது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை மட்டும் மேலே திருப்புவது மூன்றாவது. மேல்பகுதி முந்திக்கொள்ளும் நோயாளிக்கு இந்த ஒருக்களித்த பயிற்சி மிகப் பொருத்தம்; படுத்திருக்கும்போது தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை மேல்பகுதிக்கு இல்லை. எடை தேவைப்பட்டால் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் போதும். கட்டில் பயிற்சியின் குறை என்னவென்றால், தவறாகச் செய்வது மிக எளிது. தோளைக் குறுக்கிக்கொண்டு கழுத்தால் தூக்கினால், எந்தத் தசையை அடக்க வந்தோமோ அதற்கே தீனி போடுகிறோம். அப்படிச் செய்தவர்கள் மறுநாள் கழுத்துப் பிடிப்போடு வருவார்கள்.

ரப்பர் பட்டையை நான் மூன்றாவதாக வைக்கிறேன். பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னோக்கி இழுப்பது, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னோக்கிக் குத்துவது இரண்டும் நல்ல பயிற்சிகளே. வேலைக்குத் திரும்பும் கட்டத்தில் பட்டையைப் போல ஈடுகொடுப்பது வேறில்லை. எந்தத் திசையிலும் இழுக்கலாம், காலை முன்வைத்து உடம்பைத் திருப்பியபடி இழுக்கலாம். பரிசல்காரருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் விசை காலிலிருந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு வருகிறது என்பதால் அப்படித்தான் பழக வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே பட்டையைக் கையில் கொடுத்தால், கவனம் முழுவதும் இழுப்பதில் போய்விடுகிறது. எலும்பு எப்படி ஓடுகிறது என்பதில் நிற்பதில்லை. பழைய சைக்கிள் ட்யூபைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். பயன்படுத்தலாம். அதன் இழுவிசை முதலிலேயே கடினமாக இருப்பதால் முதல் மாதத்தில் வேண்டாம்.

இவற்றோடு ஒரு நீட்சிப் பயிற்சி. மார்பின் முன்பக்கம் இருக்கும் சிறிய மார்புத் தசை இறுகியிருந்தால், அது தோள்பட்டை எலும்பை முன்னால் சாய்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து எவ்வளவு வலுவேற்றினாலும் பயன் பாதிதான். நிலைப்படியில் முன்கையை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து மார்பைத் திறந்து முப்பது வினாடி நிற்பது போதுமானது. குனிந்தே தறி நெய்பவர்களுக்கும், நாள் முழுதும் கணினி முன் உட்காருபவர்களுக்கும் இதை முதல் நாளே கொடுக்கிறேன். மூட்டு ஏற்கெனவே தளர்வாக நழுவும் உடல்வாகு உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை.

எங்கே செய்வது?

கைப்பேசிக் காணொளியைப் பார்த்து வீட்டில் செய்வதன் நன்மை, தினமும் செய்ய முடியும் என்பது. கட்டுப்பாட்டைப் பழக்கும் பயிற்சி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை, இரண்டு மூன்று சுற்று. அந்த அளவில் வீட்டை வெல்ல எந்த கிளினிக்காலும் முடியாது. ஆனால் காணொளியில் வருபவர் தன் முதுகைக் காட்டுகிறாரே தவிர உங்கள் முதுகைப் பார்ப்பதில்லை.

தினமும் கிளினிக்குக்கு வருவதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். அங்கே நேரத்தின் பெரும்பகுதி ஒத்தட விளக்கிலும் மின்சிகிச்சைக் கருவியிலும் கழிந்தால், அது வலியைச் சற்று நேரம் தணிக்கும். எலும்பின் ஓட்டத்தை மாற்றாது. அஞ்செட்டியிலிருந்தோ அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ ஒருவர் தினக்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கருவிக்குக் கீழே படுத்துவிட்டுப் போவது நியாயமாக எனக்குப் படவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். போகிற அரை நாள் கூலியை யார் தருவது? நீங்கள் செல்லும் இடத்தில் சிகிச்சையாளர் உங்கள் சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று, கை ஏறி இறங்குவதைப் பார்த்து, விரலால் தொட்டுத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். செய்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

இரண்டையும் கலப்பதுதான் என் பரிந்துரை. முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு முறை நேரில். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் வீட்டில். பெண் நோயாளிகள் பின்கழுத்து இறங்கிய ரவிக்கை அணிந்தோ, முதுகு தெரியும்படி துண்டைச் சுற்றிக்கொண்டோ காட்டலாம். கூச்சமாக இருந்தால் பெண் சிகிச்சையாளரைக் கேட்பது அவர்களுடைய உரிமை.

நடமாட முடியாத முதியவர்களுக்கும் பக்கவாதத்தால் தோள் தளர்ந்தவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் ஒன்று. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வீட்டில் பின்னாலிருந்து பார்ப்பதற்கு ஒருவரைப் பழக்கிவிட முடியும். மனைவியோ, தம்பியோ, பள்ளிக்கூடம் போகும் மகளோ போதும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்து, இரண்டு கைகளையும் முன்பக்கமாக மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும், ஐந்து முறை. குலைவு பெரும்பாலும் இறக்கும்போதுதான் தெரியும், மூன்றாவது நான்காவது முறையில்தான் தெரியும். கைப்பேசியில் பின்னாலிருந்து படம் பிடித்து வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்தால், அடுத்த முறை வரும்போது எனக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பயிற்சியின்போது பார்ப்பவர் எலும்பின் கீழ்முனையில் இரண்டு விரலை வைத்திருந்தால், அந்தத் தொடுகையை நோக்கித் தசை தானாகவே வேலை செய்யப் பழகும்.

ஜிம், பெல்ட், கட்டு

ஓசூர் இளைஞர்கள் கேட்பது ஜிம்மைப் பற்றித்தான். எலும்பின் ஓட்டம் சீரான பிறகு ஜிம் நல்லது. அதற்கு முன்னால் போனால் தவறான ஓட்டத்துக்கே வலுவேறும். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தள்ளுவதையும் தரையில் தண்டால் எடுப்பதையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பெஞ்சில் படுத்திருக்கும்போது தோள்பட்டை எலும்புகள் பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. முன்னோக்கி நகர இடமில்லாததால் செரட்டஸுக்கு வேலை குறைவு. தண்டாலில் எலும்பு சுதந்திரமாக ஓடுகிறது. தலைக்கு மேல் எடை தூக்குவதை முதல் இரண்டு மூன்று மாதம் தள்ளிவையுங்கள். உட்கார்ந்து கம்பியைப் பின்னோக்கி இழுக்கும் கருவியை மட்டும், தோள் காதுக்கு ஏறாமல், பயன்படுத்தலாம்.

முதுகை நிமிர்த்தும் பெல்ட் நினைவூட்டும் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு கணினி முன் உட்காரலாம். நாள் முழுதும் மாட்டினால், தசை செய்ய வேண்டியதைப் பட்டை செய்துவிடும். ஒட்டும் டேப்பும் அப்படியே: சிலருக்குச் சில நாள் வலி குறைகிறது, அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய முடிகிறது. அதற்காக ஒட்டலாம்.

எண்ணெய் தேய்த்து நீவுவதில் எனக்கு மறுப்பு இல்லை. இறுகிய கழுத்துத் தசைக்கு அது இதம் தரும். கையைச் சுழற்றி வெடுக்கென்று இழுப்பதும், தோளை வாரக்கணக்கில் கட்டிப்போடுவதும் வேறு விஷயம். எலும்பு முறியாத தோளைக் கட்டி அசையாமல் வைத்தால் மூட்டு உறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உறைந்த தோள் பழைய நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். துருத்தும் எலும்புக்காகப் போய் உறைந்த தோளோடு திரும்புவதைத் தவிர்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே. நரம்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு காத்தும் மீளாவிட்டால், பெரிய மார்புத் தசையின் ஒரு பகுதியைத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு மாற்றிப் பொருத்தி செரட்டஸின் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். ட்ரபீசியஸ் போய்விட்டால் பக்கத்துத் தசைகளை இடம் மாற்றுகிறார்கள். தசைநலிவு நோயில் எலும்பை விலாக்களோடு இணைத்துவிடுவதும் உண்டு. கத்தியால் நரம்பே அறுபட்டிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

எப்போது தொடங்குவது, எவ்வளவு காலம்?

இந்த ஊர்களில் விடை தொழிலைப் பொறுத்தது. மா அறுவடை சித்திரை, வைகாசி, ஆனியில் உச்சத்தில் இருக்கும். பறிப்பவர் தோள் வலியோடு வைகாசியில் வந்தால் ஓய்வு எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வருடத்துக் கூலியே அந்தச் சில வாரங்களில்தான். கட்டுப்பாடு மாறுவதற்கு ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கிறது. மரம் பூத்து நிற்கும் தை, மாசியில் தொடங்கினால் அறுவடைக்குத் தோள் தயாராக இருக்கும். இடையில் வலி வந்தவர் தொரட்டியை இரண்டு கையிலும் மாற்றிப் பிடித்து, ஏணியை ஒரு படி ஏறி, தலைக்கு மேல் கை நிற்கும் நேரத்தைக் குறைத்து, மேசை அழுத்தலை மட்டும் விடாமல் செய்துவரலாம். தெளிப்பான் சுமப்பவர் இரண்டு வாரையும் மாட்ட வேண்டும், வாருக்கு அடியில் மடித்த துணி வைக்க வேண்டும், தொட்டியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். நடை கூடும், ஆனால் நரம்பு பிழைக்கும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்து பரிசல் இயக்கத் தடை வரும் நாட்களைப் பரிசல்காரர்கள் சும்மா போக்காமல், பட்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியின்போது இலேசான வலி வரலாம். மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கை மரத்துப்போவதோ, பிடி தளர்வதோ இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் பின்னாலிருந்து எடுத்த படத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், அதே பயிற்சியை இன்னும் ஆறு வாரம் நீட்டுவதில் பயன் இல்லை. நரம்பையும், தோள் மூட்டின் தசைநாண்களையும், கழுத்தையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. மாற்றம் தெரிந்தால், சுவரிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தரைக்கு இறங்குங்கள். பாட்டிலைக் கையில் பிடித்து ஐந்து முறை தூக்கி இறக்கியும் எலும்பு துருத்தாத வாரத்தில், மூட்டையைப் பாதி எடையில் தொடங்குங்கள்.